வீட்டு நீச்சல் குளம்: நாள் குறிப்பவர் யார்?

பனையூரில், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடலை நோக்கிப் பிரிந்து செல்லும் தெருவொன்றின் கோடியில், சுற்றுச்சுவர் எழுந்து, மாடி முடிந்து, வர்ணப் பூச்சு ஒன்றே பாக்கியாக நின்ற ஒரு வீட்டின் பின்புறத்தில், ஆவணி மாதத்து முற்பகல் வெயிலில் ஜேசிபி இயந்திரம் மணலை வாரிக் கொட்டிக்கொண்டிருந்தது. முதல் மூன்றடி வரையில் மணல் வெளுப்பாகவும் உதிரியாகவும் வந்தது. நாலாவது அடியில் அதன் நிறம் கறுத்தது. ஆறாவது அடியைத் தொட்டதும், இயந்திரத்தின் பற்கள் பட்ட இடமெல்லாம் பழுப்பு ஜலம் ஊறத் தொடங்கிக் கால் மணி நேரத்துக்குள் குழியின் அடியில் கணுக்கால் அளவுக்குத் தேங்கிவிட்டது. கரை மணலோ தன் பாரத்தைத் தானே தாங்கமாட்டாமல் பாளம் பாளமாகப் பிளந்து அந்த ஜலத்திலேயே சரிந்தது. குடையின் கீழ் நின்று பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர், "தை மாசம் கிரகப்பிரவேசம் மேஸ்திரி. அதுக்குள்ள குளத்துல தண்ணி நின்னுடும் இல்ல?" என்று கேட்டார். மேஸ்திரி குழியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மொதல்ல இந்தத் தண்ணி நிக்கட்டும் சார். மோட்டார் போட்டு ரெண்டு நாள் இறைச்சுப் பாத்துட்டுத்தான் நாள் சொல்ல முடியும்" என்றார்.

வீட்டிலேயே நீச்சல் குளம் வேண்டும் என்ற ஆசை, ஒரு காலத்தில் திரைப்பட நட்சத்திரங்களுக்கும் பெரும் ஆலை முதலாளிகளுக்கும் உரியதாயிருந்தது போய், இன்று நீலாங்கரை முதல் கோவளம் வரையிலும், கோயம்புத்தூரைச் சுற்றிய தோட்ட வீடுகளிலும், சம்பாத்தியமும் கொஞ்சம் காலி நிலமும் உள்ள குடும்பங்களின் சாதாரண ஆசையாகிவிட்டது. அந்த ஆசையோடு கூடவே பிறக்கும் முதற்கேள்வி, "எவ்வளவு செலவாகும்?" என்பதல்ல, "எத்தனை நாளாகும்?" என்பதே. விளம்பரங்கள் இதற்கு 45 நாள் என்கின்றன. சில 30 நாள் என்று கூடச் சத்தியம் செய்கின்றன. மேஸ்திரிகள் மூன்று மாதம் என்பார்கள். கட்டி முடித்தவர்களைக் கேட்டால், ஒரு வருஷம் என்று பெருமூச்செறிகிறவர்களும் உண்டு. இவர்களில் பொய் சொல்கிறவர் ஒருவரும் இல்லை. ஒவ்வொருவரும் காரியத்தின் வெவ்வேறு இடத்திலிருந்து நாளை எண்ணத் தொடங்குகிறார்கள், வெவ்வேறு இடத்தில் எண்ணி நிறுத்துகிறார்கள் என்பதே இதிலுள்ள சூட்சுமம்.

பெட்டிச் செய்தி: ஒரு குளத்தின் நாட்கணக்கு

8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி 1.3 மீட்டர் ஆழம் கொண்ட காங்கிரீட் குளத்துக்கு, வேலை இடையில் நின்றுபோகாமல் நடந்தால் ஆகக்கூடிய உத்தேசக் கால அளவு:

மண் பரிசோதனை, வரைபடம், அனுமதி: 3 முதல் 8 வாரம்
தோண்டுதல், ஊற்று நீர் இறைத்தல்: 3 முதல் 10 நாள்
அடிக் காங்கிரீட், கம்பி கட்டுதல், குழாய் பதித்தல்: 10 முதல் 15 நாள்
தரை, சுவர் காங்கிரீட்: 7 முதல் 10 நாள்
ஈரத்தில் வைத்தல்: 10 முதல் 14 நாள்
கசிவுப் பரீட்சை: 14 நாள்
நீர்த்தடுப்புப் பூச்சு, டைல்ஸ்: 20 முதல் 30 நாள்
டைல்ஸ் பசையும் இணைப்புக் காரையும் ஆறுதல்: 7 முதல் 21 நாள்
மோட்டார், வடிகட்டி, விளக்கு, ஜலம் நிரப்புதல்: 5 முதல் 7 நாள்

மண்ணில் கை வைத்த நாளிலிருந்து, ஆக இரண்டரை மாதம் முதல் நான்கு மாதம் வரை.

தோண்டுவதற்கு முன்

இப்பட்டியலில் முதல் வரியைத்தான் ஜனங்கள் மிக எளிதாகக் கடந்து செல்கிறார்கள். அனுபவமுள்ள பொறியாளர்களோ அந்த வரியில் செலவிட்ட காலமே பிற்பாடு பன்மடங்காகத் திரும்பி வருகிறது என்று ஒரே குரலில் சொல்கிறார்கள். மண் மணலா, களியா, கரிசலா, பாறையா. நிலத்தடி நீர் எந்த ஆழத்தில் நிற்கிறது, மழைக்காலத்தில் எந்த ஆழத்துக்கு ஏறும். அந்த ஜலத்தில் உப்பு எவ்வளவு: இவற்றை அறியாமல் வரைபடம் போடுவது, நோயைப் பாராமல் மருந்து எழுதுவதற்குச் சமானம். கோவைப் பக்கத்துக் கரிசல், ஈரத்தில் உப்பியும் கோடையில் சுருங்கியும் சுவரை நெருக்கும். கடற்கரை மணலோ நெருக்காது, நிற்கவும் செய்யாது. கடலோர மனைகளுக்கு இன்னொரு விஷயமும் உண்டு. உச்ச அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையுள்ள நிலப்பரப்பு, 1991-ஆம் ஆண்டிலிருந்து கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம் என்ற பாதுகாப்பின் கீழ் வருகிறது. அங்கே எதைக் கட்டலாம், ஜலத்தை எப்படி எடுக்கலாம் என்பதற்கெல்லாம் விதிகள் இருக்கின்றன. அவற்றை ஜேசிபி வந்து நின்ற பிறகு விசாரிக்கும் குடும்பங்கள் மாதக்கணக்கில் திறந்த குழியோடு காத்திருக்கின்றன.

நம் ஊரில் இதற்கும் முன்னதாகப் பஞ்சாங்கம் இருக்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் பூமியில் கை வைக்கத் தயங்கும் குடும்பங்கள் அநேகம். வாஸ்து புருஷன் கண் விழிக்கும் நாட்களென்று பஞ்சாங்கம் குறிப்பவை வருஷத்தில் எட்டு. குளம் ஈசானிய மூலையில்தான் அமைய வேண்டும் என்று பெரியவர்கள் வற்புறுத்துவதால் வரைபடம் இரண்டு மூன்று முறை மாறுவதும் சகஜம். இந்த நம்பிக்கைகளை நான் குறை கூற வரவில்லை. காத்திருக்க நேர்ந்த அந்த வாரங்களில் மண் பரிசோதனையையும் அனுமதியையும் முடித்துக்கொண்டால், நல்ல நாளும் நல்ல அஸ்திவாரமும் ஒருங்கே வாய்க்கின்றன.

காங்கிரீட் கேட்கும் அவகாசம்

மொஹஞ்சதாரோவில் சுமார் நாலாயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்ட மகா ஸ்நான கட்டம் ஏறக்குறைய 12 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் 2.4 மீட்டர் ஆழமும் உடையது. செங்கற்களை ஜிப்சம் சாந்தில் நெருக்கி அடுக்கி, அவற்றின் பின்னே தார் போன்ற நிலக்கீல் படலம் ஒன்றைப் பூசி, ஜலம் வெளியேறாதபடி செய்திருந்தார்கள் அந்தச் சிற்பிகள். குளம் கட்டுவதிலுள்ள முழுக் கஷ்டமும் குழியில் இல்லை, கசியாமல் காப்பதிலேயே இருக்கிறது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். நம் கோயில் தெப்பக்குளங்களின் தர்மம் இதற்கு நேர்மாறானது; அவை மழை நீரை வாங்கி, அடியில் ஊறவிட்டு, ஊர்க் கிணறுகளுக்குக் கொடுப்பவை. வீட்டு நீச்சல் குளமோ ஒரு துளியும் மண்ணுக்குக் கொடாமல், மண்ணிலிருந்தும் ஒரு துளி வாங்காமல் நிற்க வேண்டிய பாத்திரம்.

நவீன காலத்தில் இந்தப் பாத்திரத்தை எந்த வடிவத்திலும் வார்க்கும்படி செய்த உபகரணம் ஒன்றைக் கண்டவர், விலங்குகளின் தோலைப் பதப்படுத்தி அருங்காட்சியகத்தில் நிறுத்தும் கலைஞர் என்பது வினோதமான சரித்திரம். சிகாகோவின் ஃபீல்ட் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய கார்ல் ஏக்லி, காற்றழுத்தத்தால் சிமெண்ட் சாந்தைப் பீய்ச்சியடிக்கும் துப்பாக்கி ஒன்றைச் செய்து 1911-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் கலிபோர்னியாவில் வீட்டுக்கொரு குளம் பெருகியதற்கு இம்முறையே பெருங்காரணம். 1948-இல் சொனோமாவில் தாமஸ் சர்ச் அமைத்த டானெல் தோட்டத்தின் அவரைவித்து வடிவக் குளம் உலகெங்கும் பிரதி செய்யப்பட்டது. நம் நாட்டிலோ பெரும்பாலான வீட்டுக் குளங்கள் இன்றும் சென்ட்ரிங் அடித்து, ரெடிமிக்ஸ் லாரியிலிருந்து காங்கிரீட் இறக்கி, வைப்ரேட்டர் விட்டுக் கட்டப்படுகின்றன.

எம்முறையாயினும், வார்த்த பிறகு காங்கிரீட் கேட்கும் அவகாசத்தை எந்தப் பணமும் குறைத்துவிடாது. அது உலர்ந்து இறுகுகிறது என்பது ஜனங்களிடையே வேரூன்றிய ஒரு தவறான அபிப்பிராயம். சிமெண்டும் ஜலமும் சேர்ந்து நிகழ்த்தும் ரசாயன மாற்றத்தினாலேயே அது இறுகுகிறது. ஆகவே அது உலராமல் இருந்தால்தான் வலிமை பெறும். ஏழாம் நாளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வலிமையும், 28-ஆம் நாளில் வடிவமைத்த வலிமையும் அதற்குக் கிட்டுகின்றன. சாதாரண சிமெண்டாயின் ஏழு நாளும், சாம்பல் முதலியவை கலந்த சிமெண்டாயின் பத்து நாளும் குறைந்தபட்சம் ஈரத்தில் வைக்க வேண்டும், வெயிலும் வறட்சியும் மிக்க காலத்தில் இன்னும் நீட்டிக்க வேண்டும் என்று இந்தியத் தரநிலை 456 விதிக்கிறது. இன்று கடைகளில் கிடைப்பதில் பெரும்பகுதி கலப்பு சிமெண்டே என்பதைக் கவனித்தால், 'ஏழு நாள் தண்ணி விட்டாச்சு' என்ற வழக்கமான சமாதானம் போதாது என்பது தெளிவாகும்.

தரைக்குப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்திவிடலாம். சுவர்தான் சிரமம். நிமிர்ந்து நிற்கும் சுவரில் விட்ட ஜலம் ஐந்து நிமிஷத்தில் வழிந்துவிடும். கடற்காற்று மிஞ்சியதையும் உறிஞ்சிவிடும். ஆகையால் நல்ல மேஸ்திரி சணல் சாக்குகளைச் சுவரின் தலையிலிருந்து அடி வரையில் தொங்கவிட்டு, காலை, நண்பகல், மாலை, இரவு என்று நனைக்கச் செய்வார். சாக்கின் மேல் உள்ளங்கையை அழுத்தி எடுத்தால் கை முழுதும் நனைந்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கூலியாள் வராத பகலொன்றில் அந்தச் சாக்குகள் காய்ந்து விறைத்துப்போனால், மயிரிழை போன்ற வெடிப்புகள் அன்றே சுவரில் பிறந்துவிடுகின்றன. அவை டைல்ஸின் கீழே மறைந்துகிடந்து, இரண்டாவது வருஷத்தில் பக்கத்து அறைச் சுவரில் ஓதமாகவும், தண்ணீர் மட்டத்தில் தினசரிக் குறைவாகவும் வெளிப்படும். அப்போது குளத்தை வடித்து, டைல்ஸைப் பெயர்த்து, வெடிப்பைத் தேடி அடைத்து, மறுபடி டைல்ஸ் ஒட்டி நிரப்புவதற்கு, முதலில் மிச்சப்படுத்திய நாட்களைப் போலப் பல மடங்கு நாட்கள் செல்லும்.

பதினான்கு நாள் பரீட்சை

அவசரத்தில் முதலாவதாகப் பலியாவது கசிவுப் பரீட்சை. ஜலம் தேக்கும் காங்கிரீட் கட்டுமானங்களுக்கான இந்தியத் தரநிலை 3370, இவ்வகைத் தொட்டியை நிரப்பியபின் ஏழு நாள் காங்கிரீட் ஜலத்தை உறிஞ்சி அடங்க விட வேண்டும், அடுத்த ஏழு நாளும் 24 மணிக்கொருமுறை மட்டத்தைக் குறித்துவர வேண்டும் என்கிறது. அதாவது, பூச்சும் டைல்ஸும் ஏறுவதற்கு முன்னால் வெறும் காங்கிரீட் கூடு தன்னந்தனியாகப் பரீட்சைக்கு உட்பட வேண்டும். ஈரத்தில் வைத்த நாட்களையும் இந்தப் பதினான்கு நாளையும் சேர்த்தால் 28 நாள் அநேகமாக நிறைவதால், இதற்கெனத் தனியாகக் காலம் விரயமாவதும் இல்லை. இருந்தும், 'மேலே நீர்த்தடுப்புப் பூச்சு வருதே, அது பாத்துக்கும்' என்று சொல்லி இதைத் தள்ளிவிடுகிற வேலைத் தலங்கள் ஏராளம். பூச்சு என்பது கூட்டுக்குத் துணையே தவிரக் கூட்டுக்குப் பதிலாகாது.

மட்டம் குறைந்தால் அது கசிவா, வெயிலில் ஆவியானதா என்ற சந்தேகம் வரும். அதைத் தீர்க்க ஒரு சுலபமான உபாயம் உண்டு. வாளி ஒன்றில் ஜலம் நிரப்பிக் குளத்தின் படியில், பாதி முழுகும்படி வைத்து, வாளிக்குள் உள்ள மட்டத்தையும் குளத்தின் மட்டத்தையும் பென்சிலால் குறித்துக்கொள்ள வேண்டும். மறுநாள் இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் சூரியன் குடித்தது; குளம் மட்டும் அதிகமாக இறங்கியிருந்தால் பூமி குடித்தது. இந்த வாளிப் பரீட்சையை வீட்டுக்காரரே தம் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம்.

காலிக் குளம் மிதக்கும்

பனையூரில் ஆறடியில் ஊறிய ஜலம் ஐப்பசியில் மூன்றடிக்கு ஏறலாம். சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள், வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைப்பது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் நகரம் மூழ்கியதைக் கண்டவர்கள், ஆவணியில் தொடங்கி நான்கு மாதம் எடுக்கும் எந்த வேலையும் எந்தக் காலத்தின் வாயில் போய் விழும் என்பதை விரல் விட்டு எண்ணிப் பார்க்கலாம். வெளியே பூமி முழுதும் ஜலத்தால் நிறைந்திருக்க, உள்ளே குளம் காலியாக இருந்தால், ஆர்க்கிமிடீஸ் கண்ட நியதி எவருடைய கிரகப்பிரவேசத்துக்காகவும் காத்திராமல் தன் வேலையைச் செய்யும்.

பெட்டிச் செய்தி: 34-க்கும் 55-க்கும் இடையே

நாம் எடுத்துக்கொண்ட 8 மீட்டர் குளத்தின் தரையும் சுவரும் 20 சென்டிமீட்டர் கனமாயின், காங்கிரீட் கூட்டின் எடை ஏறக்குறைய 34 டன். நிலத்தடி நீர் தரைமட்டம் வரை ஏறிவிட்டால், அந்தக் கூடு இடம்பெயர்க்கும் ஜலத்தின் எடை ஏறக்குறைய 55 டன். அவ்வளவு விசையும் கூட்டை மேல்நோக்கித் தள்ளும். குளத்தில் நிறைந்திருக்கும் ஜலத்தின் எடை சுமார் 41 டன். அது உள்ளே இருக்கும் வரையில் குளம் தன் இடத்தை விட்டு நகராது.

கம்பியும் காங்கிரீட்டும் கொண்ட பாரமான கூடு, குழாய்களை முறித்துக்கொண்டு ஒரு பக்கம் தூக்கி நிற்பதைக் கண்டவர்கள் அதன்பின் மழைக்காலத்தில் குளத்தை வடிக்கத் துணிவதில்லை. இதைத் தடுக்க, அடித்தளத்தைச் சுவருக்கு வெளியே நீட்டி அதன் மேல் மண் பாரத்தை ஏற்றுவது, தரையில் அழுத்தம் தணிக்கும் வால்வு பதிப்பது, அருகே சிறு கிணறு ஒன்று வைத்து நீர் மட்டத்தைக் கண்காணிப்பது ஆகிய வழிகள் இருக்கின்றன. இவை யாவும் கம்பி கட்டுவதற்கு முன் தீர்மானிக்கப்பட வேண்டியவை. முதலிரண்டும் பின்னால் சேர்க்க இயலாதவை. புரட்டாசி முடிவதற்குள் கூடு முற்றி, ஜலம் நிரப்பி நிறுத்த முடியாதென்று தெரிந்தால், தை பிறந்து மழை ஓய்ந்த பிறகு தோண்டத் தொடங்குவதே உத்தமம் என்பது என் உறுதியான அபிப்பிராயம். தையில் தொடங்கியவர் சித்திரை வைகாசியில், வெயில் உச்சியில் நிற்கும்போது, குளத்தில் இறங்கலாம்.

தயார்க் குளமும் மாடிக் குளமும்

முப்பது நாள் என்று சொல்லும் விளம்பரங்கள் பெரும்பாலும் கண்ணாடியிழைக் குளங்களைப் பற்றியவை. தொழிற்சாலையில் ஒரே துண்டாக வார்த்து, நீள லாரியில் கொணர்ந்து, கிரேனில் தூக்கிக் குழியில் இறக்கி, உள்ளே ஜலத்தையும் வெளியே மணலையும் ஒரே மட்டத்தில் ஏற்றிக்கொண்டே வந்து நிலைநிறுத்துவார்கள். குழி தயாரான பிறகு இரண்டு மூன்று வாரத்தில் காரியம் முடிந்துவிடும் என்பது உண்மை. ஆனால் கூடு இலேசானதாகையால் மிதக்கும் அபாயம் காங்கிரீட்டைவிட அதிகம். தெருமுனையில் லாரி திரும்புமா, மின்கம்பியைத் தாண்டிக் கிரேன் கை நீளுமா என்பவையும் பார்க்க வேண்டியவை. வறண்ட மேட்டு நிலத்துக்கு அது நன்கு பொருந்தும்.

மொட்டை மாடியில் குளம் வைக்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. 1.3 மீட்டர் ஆழ ஜலம், ஒரு சதுர மீட்டருக்கு 1,300 கிலோ பாரம். சாதாரண வீட்டு மாடி தாங்கும்படி வடிவமைக்கப்படுவது அந்தச் சதுர மீட்டருக்கு 150 கிலோ அளவே. ஏற்கெனவே கட்டிய மாடியில் இது ஆபத்தான விபரீதம். புதிதாகக் கட்டும் வீடாயின் அஸ்திவாரத்திலிருந்தே குளத்துக்கென்று தூண் எழுப்பி வர வேண்டும்.

பக்கத்து வீட்டுக் கிணறு

இதுவரை சொன்னவை கட்டுகிறவரின் லாப நஷ்டம். கட்டாதவருக்கு நேர்வதைப் பற்றித் தெருவில் பேச்சு குறைவு.

குழியிலிருந்து ஊறும் ஜலத்தை, மணலுக்குள் வரிசையாகக் குழாய்களை இறக்கி, இரவும் பகலும் மோட்டாரால் இறைத்தால்தான் அடியில் காங்கிரீட் போட முடியும். பத்து நாளில் முடிந்தால் ஒருவாறு பொறுக்கலாம். கூலியாள் வரவில்லை, கம்பி வரவில்லை, முதலாளி வெளியூர் போய்விட்டார் என்று அது இரண்டு மாதமாக நீளும்போது, தெருவின் நீர் மட்டமே இறங்கிவிடுகிறது. பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் கடலுக்கும் இடைப்பட்ட இந்த மணற்பரப்பில் நன்னீர் என்பது கடலின் உப்பு நீருக்கு மேல் மிதந்து நிற்கும் ஒரு மெல்லிய படலம். கைபன், ஹெர்ஸ்பெர்க் என்னும் இரு ஐரோப்பிய அறிஞர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டித் தனித்தனியே கண்டறிந்த விதியின்படி, கடல் மட்டத்துக்கு மேல் நிற்கும் நன்னீர் ஒரு மீட்டர் குறைந்தால், காலப்போக்கில் அடியிலுள்ள உப்பு நீரின் எல்லை 40 மீட்டர் வரை மேலேறக்கூடும். நான்கு வீடு தள்ளிக் கிணற்றை நம்பியிருக்கும் குடும்பத்தின் குழம்பு உப்புக் கரிப்பதற்கு, தாங்கள் ஒருபோதும் காணப்போகாத குளமொன்று காரணமாகலாம். சென்னைப் பெருநகர்ப் பகுதியின் நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்த 1987-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டதற்குப் பின்னணியில் இத்தகைய கவலைகளே இருந்தன. இறைத்த ஜலத்தைத் தெருச் சாக்கடையில் விடாமல், மனையின் மறு கோடியிலோ அண்டை வீட்டிலோ உள்ள மழைநீர் சேகரிப்புக் கிணற்றில் விடலாம். 2003 முதல் எல்லாக் கட்டிடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்ட அமைப்பு அது, அநேகமாக ஒவ்வொரு மனையிலும் இருப்பது. மணலையும் சேற்றையும் வடித்த பிறகு விட வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.

அந்த உப்பு திரும்பிக் கட்டுகிறவரையும் பாதிக்கும். கம்பி வைத்த காங்கிரீட்டில் கலக்கும் ஜலத்தில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்று தரநிலை 456 வரையறுக்கிறது. உப்பேறிய போர் நீரைக் கலந்தும், அதையே சாக்கில் தெளித்தும் கட்டிய சுவருக்குள் கம்பி துருப்பிடித்து உப்ப, காங்கிரீட் பொரியும்.

பிறகு குளத்தை நிரப்ப வேண்டும். நம் குளத்தின் கொள்ளளவு 41,600 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் நான்கு நடை. கசிவுப் பரீட்சைக்கு ஒருமுறை, உபயோகத்துக்கு ஒருமுறை என்று இரண்டு தடவை நிரப்புவதால், பரீட்சை நீரை வீணாக வடிக்காமல் தோட்டத்துக்கும் சேகரிப்புக் கிணற்றுக்கும் விடத் திட்டமிடுவது கடமை. அதன் பின்னும் நாளொன்றுக்கு அரை சென்டிமீட்டர் ஆவியானால் 160 லிட்டர் தினந்தோறும் ஆகாயத்துக்குப் போகும். 2019-ஆம் ஆண்டு கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு, ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்கு ஜலம் வந்தது பலருக்கு நினைவிருக்கும். ஐம்பது வேகன்களில் 25 லட்சம் லிட்டர். வேகனுக்கு 50,000 லிட்டர். நாம் கணக்குப் பார்க்கும் சின்னஞ்சிறு வீட்டுக் குளத்தை ஒருமுறை நிரப்ப அதில் ஏறக்குறைய ஒரு வேகன் செலவாகியிருக்கும். குளம் கட்டவே கூடாதென்று நான் சொல்ல வரவில்லை. பகலில் மூடி போட்டால் ஆவியாதல் பெரிதும் குறையும், வடிகட்டியைச் சரியாகப் பராமரித்தால் அதே ஜலத்தை வருஷக்கணக்கில் மாற்றாமல் வைத்திருக்கலாம். மூடியின் விலையையும் குளத்தின் விலையாகவே எண்ணி, முதல் நாளே ஒதுக்கி வைக்க வேண்டும்.

தொகை கொடுக்கும் முறை

நாட்கள் நீளுவதற்குப் பணம் கொடுக்கும் முறையும் ஒரு காரணம். தோண்டியவுடன் பாதித் தொகையை வாங்கிக்கொண்ட ஒப்பந்தக்காரருக்கு, அடுத்த தெருவில் புதிதாகத் தோண்டுவதில் உள்ள ஆர்வம் இங்கே டைல்ஸ் ஒட்டுவதில் இராது. காங்கிரீட் முடிந்ததும் ஒரு தவணை, கசிவுப் பரீட்சை எழுத்தில் தேறியதும் ஒரு தவணை, டைல்ஸுக்கு ஒன்று, ஜலம் தெளிந்து ஒரு மாதம் கழிந்ததும் கடைசித் தவணை என்று வகுத்துக்கொண்டால் இரு தரப்பும் நியாயமாக நடக்கலாம். அந்தக் கடைசி மாதம் முக்கியமானது. புதிய சிமெண்ட் காரை ஜலத்தின் காரத்தன்மையை உயர்த்திக்கொண்டேயிருக்கும். அமில கார அளவு 7.2-க்கும் 7.8-க்கும் இடையே நிற்கிறதா என்று தினமும் சோதித்துச் சரிசெய்யாவிட்டால், போட்ட குளோரின் வேலை செய்யாமல் பச்சை படரும், டைல்ஸில் வெள்ளைச் சுண்ணம் படியும். மோட்டார் அறைச் சாவியை வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு மறுநாளே மறைந்துவிடும் ஒப்பந்தக்காரர், தம் பார்வையில் வேலையை முடித்தவர். குளத்தின் பார்வையில் அது முடியவில்லை.

வேலி எந்த நாளில் வரும்?

2021-ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் மூன்று லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர் என்றும், அவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் ஐந்து வயது நிரம்பாத குழந்தை என்றும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. ஆறு, ஏரி, கிணறு எல்லாம் சேர்ந்த கணக்கு அது. ஆயினும் வாசற்படிக்கு இருபதடி தூரத்தில் ஒரு நீர்நிலையை உண்டாக்குகிற குடும்பம், அந்தக் கணக்கில் தன் வீட்டுக் குழந்தையும் உட்படக்கூடும் என்பதை மறக்கலாகாது. பிரான்ஸ் 2003-ஆம் ஆண்டில் சட்டம் இயற்றி, தரையில் பதித்த தனியார் குளங்களுக்கு வேலியோ மூடியோ கூரையோ எச்சரிக்கை மணியோ ஒன்று கட்டாயம் என்றது. ஆஸ்திரேலியாவில் குளத்தைச் சுற்றி 1.2 மீட்டர் உயர வேலியும், தானாக மூடித் தாழிட்டுக்கொள்ளும் கதவும் விதியாகிவிட்டன.

நம் ஊரில் வேலி வருவதாயிருந்தால், அது டைல்ஸ் முடிந்து, புல்தரை விரித்து, விளக்கு எரிந்த பிறகு, அழகைக் கெடுக்காத வேலியாகத் தேடிப் பிடிக்கப்பட்டு வருகிறது. குளத்தைவிட அதன் குழி ஆபத்தானது என்பதை எவரும் நினைப்பதில்லை. படி இல்லை, ஆழம் தெரியாது, கரை வழுக்கும், ஐப்பசி மழை ஓர் இரவு பெய்தால் மறுநாள் காலையில் அங்கே மார்பளவு செம்பழுப்பு ஜலம் நிற்கும். அதே மனையின் மூலையில் தகரக் கொட்டகை போட்டுக் குடியிருக்கும் சித்தாளின் இரண்டு வயதுக் குழந்தை, தாய் ஜல்லி சுமக்கும் நேரமெல்லாம் அந்தக் குழியின் ஓரத்திலேதான் விளையாடுகிறது. தோண்டும் பள்ளத்தின் மணற்கரை சரிந்து கூலியாள் புதையும் அபாயமும் இதனோடு சேர்ந்ததே. கரையைச் சாய்வாக வெட்டுவதற்கும் பலகை முட்டுக் கொடுப்பதற்கும் ஆகும் இரண்டு நாளை எந்தக் குடும்பமும் தாமதமென்று எண்ணலாகாது.

ஆகையால் மதிப்பீட்டுத் தாளில் கடைசி வரியாக எழுதப்படும் வேலியை முதல் வரிக்கு மாற்றி எழுத வேண்டுமென்று வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஜேசிபி வருவதற்கு முந்தின நாள் இரும்புத் தகடும் சவுக்குக் கழியும் கொண்டு, ஐந்தடி உயரத்தில், பூட்டக்கூடிய கதவோடு, மனையின் குழிப் பக்கத்தைத் தனியாக மறித்துவிட ஒரு பகல் போதும். கொட்டகையில் இருக்கும் குழந்தைகளுக்கு வேலிக்கு வெளியே, நிழலுள்ள ஓர் இடத்தை ஒதுக்கி, அவர்களைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளையும் கூலி கொடுத்து நியமிக்க வேண்டும். மூன்று நான்கு மாதத்துக்கு ஆகும் அந்தக் கூலி, டைல்ஸுக்கு ஒதுக்கிய தொகையில் ஒரு சிறு பங்குதான்.